தர வரிசையும் ஆட்ட முடிவும்

வருவதை முன்னறிய வேண்டும் என்ற ஆசை மனித சுபாவத்தோடு கூடப் பிறந்தது. சோழி உருட்டியும், பல்லி சொல்லுக்குச் செவி கொடுத்தும் அவ்வாசையைத் தீர்த்துக்கொண்டார் முன்னோர். எண்களைக் கொண்டு தீர்த்துக்கொள்ளுகிறார் இக்காலத்தார். எண் வழியே மேலான வழி என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் எண் எதைச் சொல்லுகிறது, எதைச் சொல்லவில்லை என்று பகுத்தறியாமல் அதற்குத் தலைவணங்கினால், சோழியை நம்பியவனுக்கும் எண்ணை நம்பியவனுக்கும் வேற்றுமை இல்லாமற் போய்விடும். ரக்பி என்னும் பந்தாட்டத்தில் தேசங்களின் அணிகளுக்கு ஏற்பட்டிருக்கும் தர வரிசை இதற்கு நல்ல திருஷ்டாந்தமாகும்.

நீள்முட்டை வடிவப் பந்தைக் கொண்டு பக்கத்திற்கு 15 பேர் ஆடுவது இவ்வாட்டம். இதன் சர்வதேச சங்கத்தார் அணிகளின் வலிமையை அளந்து காட்டும் பட்டியலை 2003-ஆம் ஆண்டில் வெளியிடத் தொடங்கினர். சதுரங்க ஆட்டக்காரர்களை மதிப்பிடுவதற்கு, ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பௌதிகம் போதித்த ஆர்ப்பாட் ஈலோ என்பவர் வகுத்த முறையின் தத்துவமே இதற்கும் அடிப்படை. ஒவ்வோர் அணிக்கும் 0 முதல் 100 வரையில் ஒரு மதிப்பெண் உண்டு. இரண்டு அணிகள் பொருதினால், வென்ற அணி எவ்வளவு பெறுகிறதோ அவ்வளவைத் தோற்ற அணி இழக்கும். வரவும் பற்றும் நேராகும் வியாபாரியின் பேரேட்டைப் போன்றது இது.

ஓர் அணிக்கு 85, மற்றதற்கு 80 என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் பொதுவான மைதானத்தில் வலிய அணி வென்றால் அதற்குக் கிடைப்பது அரை மதிப்பெண்ணே. எளிய அணி வென்றாலோ ஒன்றரை கிடைக்கும். ஆகவே இப்பேரேடு நேராக இருக்க வேண்டுமானால், வலிய அணி நான்கு ஆட்டங்களில் மூன்றை வென்று ஒன்றைத் தோற்க வேண்டும். எளிய அணி தன் சொந்த மண்ணில் ஆடினால் அதன் மதிப்பெண்ணோடு 3 கூட்டிக் கணக்கிடுவார்கள். அப்பொழுது வித்தியாசம் 2 ஆகச் சுருங்கும். வலிய அணி ஐந்தில் மூன்றை வென்றாலே கணக்கு நேராகும். 15 புள்ளிகளுக்கு மேற்பட்ட வித்தியாசத்தில் வென்றால் மாறும் மதிப்பெண் ஒன்றரை மடங்காகும். உலகக் கோப்பை ஆட்டமானால் இரட்டிக்கும். இவ்வளவு எளிய கணக்கு, பெரும்பான்மையான ஆட்டங்களில் எந்தப் பக்கம் வெல்லும் என்பதைச் சரியாகவே காட்டிவிடுகிறது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் நான்கில் மூன்று என்று சொல்லும் கணக்கு, தோற்கப் போகும் அந்த ஓர் ஆட்டம் எது என்று சொல்லாது. அன்றியும், வித்தியாசம் 10 அல்லது அதற்கு மேலானால் வலிய அணி வென்றாலும் அதற்கு ஒன்றும் கிடைப்பதில்லை. அதன் வெற்றியை முன்னமே நடந்து முடிந்த காரியமாகப் பாவிக்கிறது பேரேடு. 2015 செப்டம்பர் 19-ஆம் தேதி இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் அத்தகைய ஆட்டம் ஒன்று நடந்தது. வரிசையில் 3-ஆம் இடத்துத் தென் ஆப்பிரிக்காவை எதிர்த்து 13-ஆம் இடத்து ஜப்பான் நின்றது. அதற்கு முன் உலகக் கோப்பையில் ஜப்பான் வென்றிருந்தது ஒரே ஓர் ஆட்டம். இறுதி நிமிஷங்களில் 29-க்கு 32 என்று பின்தங்கியிருந்த ஜப்பானுக்குப் பெனல்டி வாய்த்தது. பந்தை உதைத்து 3 புள்ளி பெற்றிருந்தால் ஆட்டம் சமமாகியிருக்கும், உலகமும் புகழ்ந்திருக்கும். தலைவர் மைக்கேல் லீச் அதை மறுத்து வெற்றியையே நாடினார். கார்னே ஹெஸ்கெத் எல்லைக் கோட்டைக் கடந்து பந்தை ஊன்றினார். 34-க்கு 32 என்று ஜப்பான் ஜயித்தது. லீச்சின் அந்தத் துணிவை அளக்கும் பத்தி எந்தப் பட்டியலிலும் இல்லை.

கணக்குத் தவறுவதை நாம் குற்றமாகச் சொல்லவில்லை. பழைய கணக்கைக் கொண்டு வருங்காலத்தைப் பூட்டிவிடுவதே குற்றம். 2023-ஆம் ஆண்டு உலகக் கோப்பைக்கு, 2020 ஜனவரி முதல் தேதியின் தர வரிசையைக் கொண்டு அவ்வாண்டு டிசம்பரிலேயே பிரிவுகளை வகுத்துவிட்டனர். கோப்பை தொடங்கியபோது உலகின் முதல் ஐந்து அணிகளான அயர்லாந்து, தென் ஆப்பிரிக்கா, பிரான்ஸ், நியூஸிலாந்து, ஸ்காட்லாந்து ஆகிய யாவும் ஒரே பாதியில் அடைபட்டுக் கிடந்தன. ஸ்காட்லாந்து முதற் சுற்றோடு வெளியேறியது. முதலிடத்து அயர்லாந்தும் பிரான்ஸும் காலிறுதியில் வீழ்ந்தன. கோப்பையை வென்ற தென் ஆப்பிரிக்காவோ, முதற் சுற்றில் அயர்லாந்திடம் தோற்றிருந்தது. காலிறுதி, அரையிறுதி, இறுதி என்ற மூன்று ஆட்டங்களையும் ஒவ்வொரு புள்ளி வித்தியாசத்தில் வென்றது. ஒரு புள்ளியில் தீரும் விதியை மூன்று வருஷத்துப் பட்டியல் எங்ஙனம் அறியும்? 2027-ஆம் ஆண்டுக் கோப்பைக்கு 2025 டிசம்பர் வரையில் காத்திருந்து பிரிவுகளை வகுத்தது வரவேற்கத்தக்க திருத்தமாகும்.

இன்னும் பெரிய அநீதி ஒன்றுண்டு. மோதினாலன்றி மதிப்பெண் மாறாது. தன்னிலும் 10 மதிப்பெண் தாழ்ந்தவரை எத்தனை முறை வென்றாலும் ஏறாது. ஆகவே எளிய தேசம் உயர வேண்டுமானால் வலியவரோடு ஆடக் கிடைக்க வேண்டும். ஜார்ஜியா தேசத்தைப் பாருங்கள். 2022 ஜூலையில் இத்தாலியை 28-க்கு 19 என்றும், நவம்பரில் வேல்ஸை அதன் சொந்தக் கார்டிப் நகரிலேயே 13-க்கு 12 என்றும் வென்றது. ஆயினும் ஐரோப்பாவின் ஆறு தேசப் போட்டியில் அதற்கு இடமில்லை. அப்போட்டியில் 2015 முதல் 2022 வரையில் தொடர்ந்து 36 ஆட்டங்களில் தோற்ற இத்தாலிக்கோ இடம் போகவில்லை. இத்தாலியை வெளியே தள்ள வேண்டும் என்பதல்ல நம் வாதம். ஏணியின் கீழ்ப்படிகளை எடுத்துவிட்டு, கீழே நிற்பவனை நோக்கி, “உன் தரம் தாழ்ந்தது” என்று பட்டியலைக் காட்டுவது நியாயமாகாது என்பதே நம் வாதம்.

தர வரிசை, நேற்று வரையில் நடந்ததன் நேர்மையான குறிப்பு. அவ்வளவில் அதைப் போற்றுவோம். அதை நாளைய தீர்ப்பாக்க வேண்டாம். சங்கத்தார் செய்ய வேண்டுவது தெளிவு. பிரிவுகளைப் போட்டிக்கு அண்மையிலேயே வகுக்க வேண்டும். எளிய தேசங்களுக்கு வலியவரோடு ஆடும் ஆட்டங்களை ஆண்டுதோறும் அளிக்க வேண்டும். பிறகு பட்டியல் எவ்வளவு வேண்டுமானாலும் முன்னறிவிக்கட்டும்; அதைப் பொய்யாக்கும் உரிமை மைதானத்தில் நிற்பவனுக்கு இருக்கட்டும்.