மீனுக்கு மீன்தான் உணவா?

நம் ஊர்க் குளங்களில் வளரும் கட்லா, ரோகு மீன்களுக்குத் தவிடும் கடலைப் பிண்ணாக்கும் கலந்து போடுவதை நீங்கள் பார்த்திருக்கலாம். நார்வே நாட்டுக் கடலில் வலைக்கூண்டுகளில் வளர்க்கப்படும் சால்மன் அப்படிப்பட்டதன்று, அது ஊனுண்ணி. 1990-இல் அதன் தீனியில் நூற்றுக்குச் சுமார் 90 பங்கு மீன்தூளும் மீனெண்ணெயுமே. மீன் வளர்க்க மீனையே பிடித்து அரைப்பதா? ஆற்றல் கணக்குப் பார்த்துப் பழகிய இயற்பியல் ஆசிரியனான எனக்கு இது விந்தையாகவே பட்டது.

மீன்தூளுக்குப் பெயர்போன நாடு தென் அமெரிக்காவிலுள்ள பெரு. அங்கே ஒருவகை நெத்திலியை வேகவைத்துப் பிழிந்து, எண்ணெயைப் பிரித்துவிட்டு, சக்கையை உலர்த்தி அரைக்கிறார்கள். 1970-இல் ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் டன் பிடித்தார்கள். 1972-இல் எல் நினோ வந்தது. கடலின் மேற்பரப்பு வெப்பமடைந்து, ஆழத்திலிருந்து சத்துமிக்க குளிர்நீர் மேலெழுவது குறைந்தது. அளவுக்கு மிஞ்சிப் பிடித்ததும் சேர்ந்துகொள்ள, 1973-இல் கிடைத்தது ஏறத்தாழ 20 இலட்சம் டன்தான்!

இத்தகைய கடலை நம்பி எத்தனை பண்ணைகள் நடத்த முடியும்?

சால்மனுக்குத் தேவை மீனா, மீனிலுள்ள சத்துகளா என்று கேட்டுப் பாருங்கள். புரதம் என்பது அமினோ அமில மணிகளைக் கோத்த மாலை. உண்ட மாலையை உடல் அறுத்து, அந்த மணிகளைக் கொண்டு தனக்கு வேண்டிய மாலையைக் கோத்துக்கொள்கிறது. மணி மீனிலிருந்து வந்ததா, மொச்சையிலிருந்து வந்ததா என்று அது பார்ப்பதில்லை. சோயா மொச்சையில் புரதம் ஏராளம். மெத்தியோனின் என்ற மணிதான் குறைவு. அதைத் தனியே தயாரித்துச் சேர்த்துவிடலாம்.

தாளில் சரியாக வந்த கணக்கு குடலில் சரியாக வரவில்லை. சோயாப் பிண்ணாக்கை மிகுதியாகத் தின்ற சால்மன்களின் பின்குடலில் அழற்சி உண்டாயிற்று. ஆராய்ந்தபோது சபோனின் என்ற பொருள் முக்கியக் காரணம் எனத் தெரிந்தது. பூந்திக்கொட்டையைத் தேய்த்தால் நுரை வருகிறதல்லவா? அதுவும் ஒருவகைச் சபோனினால்தான். வேகவைத்தால் போய்விடாதா என்பீர்கள். செரிமான நொதியைத் தடுக்கும் வேறொரு பொருள் சோயாவில் உண்டு. அது வெப்பத்தில் சிதையும். சபோனின் அவ்வளவு எளிதில் மசியாது. ஆனால் எத்தனால் கலந்த நீரில் கழுவினால், செரிக்காத சர்க்கரைகளோடு அதுவும் கரைந்து வெளியேறும். எஞ்சுவது செறிந்த புரதம். இத்தகைய தாவரப் பொருள்களால் 2013-இல் நார்வேத் தீனியில் கடற்பொருளின் பங்கு சுமார் 30 ஆகக் குறைந்தது.

எண்ணெய் வேறு கதை. கடல்மீனில் நாம் விரும்பும் நீண்ட சங்கிலி ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் நம் வயல்களில் விளையும் எண்ணெய் வித்துகளில் இல்லை. தீனியில் தாவர எண்ணெய் கூடக்கூட, ஸ்காட்லாந்துப் பண்ணைச் சால்மன்களில் 2006-க்கும் 2015-க்கும் இடையே அவை ஏறத்தாழப் பாதியாகிவிட்டன. மீனைக் காப்பாற்றப் போய் மீனின் சிறப்பையே இழப்பதா?

ஆனால் நெத்திலியும் அந்த அமிலங்களைப் பெரும்பாலும் தானே ஆக்குவதில்லை. கடலில் மிதக்கும் நுண்பாசிகள் ஆக்கியவை உணவுச் சங்கிலி வழியே அதற்கு வந்து சேர்கின்றன. ஆகவே இப்போது நுண்பாசிகளையே வளர்த்து எண்ணெய் எடுத்துத் தீனியில் சேர்க்கிறார்கள். அவற்றுள் சில வகைகளுக்கு வெயில்கூட வேண்டியதில்லை. மூடிய தொட்டியில் சர்க்கரைக் கரைசல் இருந்தால் போதும், வளர்ந்துவிடும்.