உங்களுக்குத் தெரியுமா? குழலை அறுத்தால் சிறை

ஒற்றைக்குழலோ இரட்டைக்குழலோ, வீட்டுக் காவலுக்கென்றாலும் துப்பாக்கிக் குழலை இஷ்டத்துக்கு அறுத்துக் குறைக்க முடியாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 6ஆம் பிரிவு அதற்குத் தனி உரிமம் கேட்கிறது.

துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமத்துக்கு, எடுத்துக்காட்டாக திருக்கடையூரில் வசிப்பவர், மயிலாடுதுறை ஆட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும். பாதுகாப்புக்கு 13ஆம் பிரிவு குறிப்பிடுவது, உட்புறம் வழுவழுப்பாக, குறைந்தது 20 அங்குல நீளமுள்ள குழல். ஊர்க்கணக்கில் ஒரு முழத்துக்குச் சற்றே கூடுதல். பயிர்க்காவலுக்கு, வாய்வழியே மருந்து கெட்டித்துச் சுடும் துப்பாக்கி.

ரம்பம் பட்டு விளிம்பில் பிசிறு நிற்கும் குட்டைக் குழலை வேட்டி மடிப்பில் மறைத்துவிடலாம். சட்டத்தின் அச்சம் அதுதான், நியாயமான அச்சம். 2019 திருத்தத்துக்குப் பின் தண்டனை குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். அமெரிக்காவில் 1934 முதல் வழுவழுப்பான குழலுக்கு எல்லை 18 அங்குலம். அதற்கும் குட்டையானால் கூட்டரசிடம் பதிய வேண்டும்.