மாடலிங் வாய்ப்பும் முன்பணமும்

1994ஆம் ஆண்டில் சுஷ்மிதா சென் பிரபஞ்ச அழகியாகவும் ஐஸ்வர்யா ராய் உலக அழகியாகவும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். 1991இல் தொடங்கிய பொருளாதாரச் சீர்திருத்தங்களையொட்டி விளம்பரத் துறையும் தனியார் தொலைக்காட்சியும் விரிவடைந்து கொண்டிருந்த வேளை அது. மும்பை, டில்லி ஆகிய பெருநகரங்களில் ஒரு சிலருக்கே உரியதாயிருந்த மாடலிங் தொழில், அதன்பின் இந்தூர், நாக்பூர், லக்னோ போன்ற நகரங்களின் நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டக்கூடியதாகத் தோன்றலாயிற்று. ஆனால் ஆசை பரவிய வேகத்தில் அத்தொழில் நடைபெறும் முறை பற்றிய அறிவு பரவவில்லை. போலி ஏஜென்சிகள் பிழைப்பது இந்த இடைவெளியில்தான்.

முறையான ஏஜென்சி எவ்வாறு இயங்குகிறது என்பதை முதலில் காண்போம். புடவை, நகை, சோப்பு போன்றவற்றை விற்கும் நிறுவனமே இங்கு வாடிக்கையாளர். அது ஒரு விளம்பர நிறுவனத்தை அமர்த்துகிறது. விளம்பர நிறுவனம் தனக்கு வேண்டிய முகத்தை ஏஜென்சியிடமோ, மாடல்களைத் தேர்ந்து தரும் ஒருங்கிணைப்பாளரிடமோ கேட்கிறது. தேர்வு பெற்ற மாடலுக்கு நாள் ஊதியம் கிடைக்கும். படம் எத்தனை காலம், எந்தெந்த ஊடகங்களில் பயன்படுத்தப்படும் என்பதைப் பொறுத்துத் தனித் தொகையும் பேசப்படுவதுண்டு. இந்த வருவாயிலிருந்தே ஏஜென்சி தன் தரகைக் கழித்துக் கொள்கிறது. ஆகவே, மாடலுக்கு வேலை கிடைத்தால்தான் ஏஜென்சிக்கு வருமானம். வேலை பெறக்கூடியவர் எனத் தான் நம்பும் சிலரை மட்டுமே அது சேர்த்துக்கொள்வதன் காரணமும் இதுவே.

போலி ஏஜென்சியில் பணம் எதிர்த்திசையில் செல்கிறது. அங்கு வாடிக்கையாளர் விளம்பரதாரர் அல்லர். வாய்ப்புத் தேடி வந்தவரே வாடிக்கையாளர். எனவே வருபவர் அனைவரும் 'தேர்வு' பெற்றுவிடுகின்றனர்! முதலில் பதிவுக் கட்டணம் என்று சிறு தொகை வாங்கப்படும். அடுத்து, 'போர்ட்ஃபோலியோ' எனப்படும் புகைப்படத் தொகுப்பு இன்றி எந்த நிறுவனமும் பார்க்காது என்று கூறி, குறிப்பிட்ட ஒரு ஸ்டூடியோவிலேயே படம் எடுத்துக்கொள்ள வேண்டுமென வற்புறுத்துவர். பின்னர் நடைப்பயிற்சி வகுப்பு, ஒப்பனைச் செலவு, அடையாள அட்டை என்று தொகை ஏறிக்கொண்டே போகும். இறுதியில் படப்பிடிப்பு 'தள்ளிவைக்கப்படும்'. உண்மையில், அறிமுக நிலையில் ஒருவரை மதிப்பிடுவதற்கு ஒப்பனையின்றி, சாதாரண உடையில், நல்ல வெளிச்சத்தில் எடுத்த சில படங்களும் உயரம் முதலிய அளவுகளும் போதுமானவை.

முன்பணம் கேட்பவர் எத்தகைய காரணம் கூறினாலும் அதை ஆராய்வதற்கு எளிய வழியொன்று உண்டு. "என் முதல் ஊதியத்திலிருந்து பிடித்துக்கொள்ளுங்கள்" என்று கூறிப் பார்க்கலாம். வேலை தருவது உறுதி என்று சொல்பவர் இதற்கு இணங்க மறுத்தால், அவ்வுறுதியின் மதிப்பு என்ன என்பது விளங்கிவிடும். "ஊதியம் தயாராயிருக்கிறது, வரியை மட்டும் முதலில் செலுத்துங்கள்" என்பது மற்றொரு தந்திரம். மூலத்தில் பிடித்தம் செய்யப்படும் வரி, கொடுக்கப்படும் தொகையிலிருந்து கழிக்கப்படுவதேயன்றி, பெறுபவரிடம் தனியே வாங்கப்படுவதன்று.

பதிவுச் சான்றிதழைச் சுவரில் மாட்டி வைத்திருப்பதைக் கண்டு ஏமாறுவோர் பலர். ஜி.எஸ்.டி. எண் 15 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்டது. முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும். மகாராஷ்டிரத்துக்கு 27, டில்லிக்கு 07. அந்த எண் யார் பெயரில் உள்ளது என்பதை அரசின் இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்த்துக்கொள்ளலாம், பார்க்கவும் வேண்டும். எனினும், நிறுவனம் இருக்கிறது என்பதற்குத்தான் பதிவு சான்றாகுமேயன்றி, அது நாணயமாக நடக்கிறது என்பதற்கு அன்று. எந்த விளம்பரங்களில் தங்கள் மாடல்கள் தோன்றியுள்ளனர் என்று கேட்டு, அவ்விளம்பரதாரரிடமே விசாரிப்பது இதைவிடப் பயனுள்ளது. தனிமையான இடத்துக்கு அழைப்பதும் அந்தரங்கப் படங்களை அனுப்பச் சொல்வதும் பண மோசடியினும் கொடியவை. அத்தகையோரிடம் பேச்சைத் தொடராமல் காவல்துறையை அணுகுவதே தக்கது.

குழந்தைகளின் பெயரால் நடக்கும் வணிகம் தனியே கவனிக்கத்தக்கது. கடைவளாகங்களில் "உங்கள் குழந்தை விளம்பரத்துக்கு ஏற்ற முகம்" என்று பெற்றோரை அணுகுவோர், குழந்தைக் கலைஞர்கள் பற்றிய விதிகளைக் குறிப்பிடுவதேயில்லை. 2017இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் விதிகளின்படி, ஒரு குழந்தையை நடிக்க வைக்கும் தயாரிப்பாளர் மாவட்ட நடுவரின் அனுமதியைப் பெறவேண்டும். நாளொன்றுக்கு 5 மணி நேரத்துக்கு மேலும், இடைவேளையின்றி 3 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கலாகாது. வருவாயில் குறைந்தது 20 விழுக்காடு தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் குழந்தையின் பெயரில் நிரந்தர வைப்பாகச் செலுத்தப்படவேண்டும். இவற்றைப் பற்றிப் பெற்றோர் ஒரு வினா எழுப்பினாலே போலிகள் பலர் விலகிவிடுவர்.

ஏமாந்தபின் புகார் செய்வோர் சந்திக்கும் தடையை அலுவலர்கள் நன்கறிவர். புகைப்படத் தொகுப்பு உண்மையாகவே கையில் கொடுக்கப்பட்டிருக்கும். ரசீதில் 'புகைப்படக் கட்டணம்' என்றே எழுதப்பட்டிருக்கும். பெற்ற பணத்துக்குப் பொருள் தந்தாயிற்று, இது உரிமையியல் தகராறு என்று வாதிட இதுவே போதும். ஒப்பந்தத்தை மீறுவது மட்டுமே ஏமாற்றுக் குற்றமாகாது, வாக்குறுதி தந்த வேளையிலேயே வஞ்சக நோக்கம் இருந்திருக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் ஒரு வழக்கில் தெளிவுபடுத்தியுள்ளது. ஆகவே ரசீதைவிட முக்கியமானவை, 'வேலை உறுதி' என்று கூறிய விளம்பரமும் செய்திகளும் ஆகும். அவற்றை அழிக்காமல் வைத்திருக்கவேண்டும். ஒரே வாக்குறுதியைப் பலருக்கும் தந்து, ஒருவருக்கும் வேலை தராதது தெரியவந்தால், தொடக்கத்திலிருந்த நோக்கத்தை மெய்ப்பிப்பது எளிதாகும். தனித்தனிப் புகார்களைச் சேர்த்துப் பார்க்கும் அலுவலரால்தான் இது இயலும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4) பிரிவு, ஏமாற்றிப் பொருள் பெறுவதற்கு 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்க இடமளிக்கிறது. மும்பை நிறுவனத்திடம் ஏமாந்த இந்தூர்ப் பெண் தம் ஊர்க் காவல் நிலையத்திலேயே முதல் தகவலைப் பதியலாம். குற்றம் நடந்த எல்லை எதுவாயினும் ஏற்கவேண்டும் என்பது புதிய நடைமுறைச் சட்டத்தின் விதி. இணையவழியில் பணம் அனுப்பியவர்கள் தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழைத்தால், தொகை கைமாறுவதற்குள் வங்கிக் கணக்கை முடக்க வாய்ப்புண்டு. பணத்தைத் திரும்பப் பெற மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் நாடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்கு அங்கு கட்டணமில்லை. வழக்குக்குக் காரணமான நிகழ்ச்சியிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனுச் செய்யவேண்டும். படப்பிடிப்பு 'அடுத்த மாதம்' என்று சொல்லிச் சொல்லிப் போலிகள் கடத்துவது பெரும்பாலும் இந்தக் காலத்தைத்தான்.