மரத்தூளைப் பிறந்த இடத்திலேயே பிடிக்க வேண்டும்

இங்கிலாந்தில், லண்டனுக்கு வடமேற்கே இருக்கிறது ஹை விக்கம். சுற்றிலும் சில்டர்ன் குன்றுகளின் பீச் மரக்காடுகள். காட்டிலேயே கொட்டகை போட்டு நாற்காலிக் கால்களைக் கடைந்து அனுப்புவோர் ஒருபுறம். ஊருக்குள் பட்டறையில் கால், இருக்கை, முதுகுச் சட்டம் எல்லாவற்றையும் கோத்து இறுக்கி முழு நாற்காலியாக்குவோர் மறுபுறம். இப்படி 19ஆம் நூற்றாண்டிலேயே நாற்காலிக்குப் பேர்போன ஊர் அது. பிறகு மின்சார இயந்திரங்கள் வந்தன. உற்பத்தி பெருகியது, கூடவே தூளும் பெருகியது.

1960களில் அவ்வூரில் காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவராக இருந்தவர் எஸ்மி ஹாட்ஃபீல்ட். இரு கண்களுக்கும் நடுவே, மூக்கின் மேற்பகுதியில் உள்ள காற்றறைகளில் வரும் ஒருவகைப் புற்றுநோய் மிக மிக அரிது. ஒரு மருத்துவர் தன் பணிக்காலம் முழுவதும் அதைப் பார்க்காமலே ஓய்வு பெற்றுவிடலாம். ஹாட்ஃபீல்டிடமோ அந்த நோயாளிகள் அடுத்தடுத்து வந்தார்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டால், மரவேலை என்ற பதிலே திரும்பத் திரும்ப வந்தது.

ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ரொனால்ட் மேக்பெத், டொனால்ட் ஏச்சசன் ஆகியோருடன் சேர்ந்து அவர் இதை ஆராய்ந்தார். 1967, 1968ஆம் ஆண்டுகளில் முடிவுகள் வெளிவந்தன. அந்தப் பகுதியின் மரச்சாமான் தொழிலாளர்களில் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேருக்கு ஏறத்தாழ 7 பேர் என்ற அளவில் இந்தப் புற்று வந்துகொண்டிருந்தது. பொதுமக்களோடு ஒப்பிட்டால் இது பல நூறு மடங்கு. பாலிஷ் போடுபவர்களிடம் அது காணப்படவில்லை. இயந்திரத்தில் அறுப்பவர்களையும், நாற்காலியும் அலமாரியும் செய்பவர்களையுமே தாக்கியிருந்தது. ஆகவே சந்தேகம் ரசாயனங்களை விட்டு மரத்தூளின் மேல் திரும்பியது. 1969இல் பிரிட்டன் இதைத் தொழில்சார் நோயாக ஏற்றது. 1995இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது.

தூள் மூக்கில் என்ன செய்கிறது? நாசியின் உட்சுவரில் ஈரமான சளிப்படலம் இருக்கிறது. அதன்மேல் நுண்ணிய மயிர்கள் ஓயாமல் அசைந்து, ஒட்டிய தூசைத் தொண்டைப் பக்கம் தள்ளிவிடுகின்றன. மரத்தூளில் பத்து மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களில் பெரும்பாலானவை மூக்கிலேயே சிக்கிக்கொள்ளும். அதைவிடச் சிறியவை நுரையீரல்வரை போகும். நாள் முழுக்கத் தூளில் நின்றால் இந்தத் துப்புரவு வேகம் குறைகிறது. தொழிலாளர்களின் மூக்கை உற்றுப் பார்த்த ஹாட்ஃபீல்ட், உள்ளே குறிப்பிட்ட ஓர் இடத்திலேயே தூள் படிந்து தங்குவதைக் கண்டார். ஓக், பீச் போன்ற கடின மரங்களின் தூளில்தான் ஆபத்து மிகத் தெளிவாகப் புலப்பட்டது. இன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் கடின மரத்தூள் 2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

தொழிற்கூடத்தில் ரம்பம்தான் ஆபத்தான இடம், பாகங்களைக் கோக்கும் மேசை பத்திரமான இடம் என்றே பலரும் எண்ணுகிறோம். விரல்களைப் பொறுத்தவரை அது சரி. மூச்சைப் பொறுத்தவரை தவறு. ரம்பம் தள்ளும் தூளில் பெரும்பகுதி பருமனானது, தரையில் விழுந்துவிடும். கோக்கும் மேசையில் நடப்பதைக் கவனியுங்கள். துளைக்குள் நாக்கு இறுக்கமாக நுழைகிறது, உப்புத்தாளால் தேய்க்கிறார்கள். பசை தடவி, கிளாம்ப் போட்டு இறுக்குகிறார்கள். பிதுங்கிய பசை காய்ந்ததும் அதன்மேல் மறுபடி தேய்ப்பு. கடைசியில் கம்ப்ரசர் காற்றால் ஊதித் துடைப்பு. தேய்ப்பதில்தான் மிக நுண்ணிய தூள் பிறக்கிறது, அதுவும் முகத்திலிருந்து ஓரடி தூரத்தில். ஊதும்போது, படிந்திருந்ததெல்லாம் எழுந்து பட்டறை முழுவதும் மிதக்கிறது. சாதாரண வெளிச்சத்தில் அது தெரியாது. இருட்டான பின்னணியில், எதிர்த்திசையிலிருந்து வலுவான விளக்கொளியைப் பாய்ச்சினால் புகை மண்டலமாகத் தெரியும். இங்கிலாந்தில் தொழில் சுகாதார ஆய்வாளர்கள் இந்த முறையைத்தான் கையாள்கிறார்கள்.

இதே தூளுக்கு இன்னொரு முகமும் உண்டு. 2012இல் கனடாவின் பர்ன்ஸ் லேக், பிரின்ஸ் ஜார்ஜ் ஆகிய இரு ஊர்களின் மர ஆலைகள் மூன்றே மாத இடைவெளியில் வெடித்துச் சிதறின. இரண்டிலும் தலா இருவர் இறந்தனர். 2015இல் இங்கிலாந்தின் பாஸ்லி கிராமத்து மரத்தூள் ஆலையில் நால்வர் பலியானார்கள். காற்றில் கலந்த உலர்ந்த நுண்தூளுக்கு ஒரு பொறி போதும். முதல் வெடிப்பு சிறியதாக இருந்தாலும், உத்தரத்திலும் விளக்கு மேலும் படிந்த தூளை உதறிவிடுகிறது. அது பற்றிக்கொள்ளும்போதுதான் கூரை பறக்கிறது.

தீர்வு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. உறிஞ்சு குழாயை ரம்பத்தோடு நிறுத்தாமல் கோக்கும் மேசைவரை கொண்டுவர வேண்டும். தேய்க்கும் இயந்திரத்தோடு தூசி உறிஞ்சியை இணைக்க வேண்டும். ஊதுவதையும் துடைப்பத்தையும் விட்டு, நுண்தூளை அடக்கும் வடிகட்டி கொண்ட உறிஞ்சியால் தரையையும் உத்தரத்தையும் சுத்தம் செய்ய வேண்டும். பிதுங்கும் பசையை ஈரத்துணியால் உடனே துடைத்தால் பின்னால் தேய்க்கும் வேலை குறையும். அறுக்கும்போதே அளவு துல்லியமாக அமைந்தால், கோக்கும் இடத்தில் தேய்த்துப் பொருத்தும் தேவையே அரிதாகும். முகக்கவசம் இத்தனைக்கும் பிறகுதான். வாயில் கட்டும் துண்டு நுண்தூளைத் தடுக்காது.

இந்தியாவுக்கு இது புதிய செய்தியும் அல்ல. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 14ஆம் பிரிவிலேயே, தூசு பிறக்கும் இடத்துக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் உறிஞ்சு கருவியை வைக்கச் சொன்னது. ஆனால் நாலைந்து பேர் வேலை செய்யும் சிறு கொட்டகைகள் அந்தச் சட்டத்தின் எல்லைக்குள்ளேயே வரவில்லை. நம் ஊர்களில் மாடுலர் கிச்சனுக்கும் அலமாரிக்கும் பிளைவுட், எம்.டி.எஃப். பலகைகளை அறுத்துக் கோக்கும் இடங்களில் பல அப்படிப்பட்டவையே. அந்தப் பலகைகளில் மரத்தூளோடு ஃபார்மால்டிஹைடு கலந்த பசையும் இருக்கிறது.

ஹை விக்கத்தின் உண்மை வெளிப்பட்டதற்குக் காரணம், ஊரே ஒரு தொழில் செய்தது, தலைமுறையாக அங்கேயே வாழ்ந்தது, நோயுற்றவர்கள் ஒரே மருத்துவரிடம் வந்தார்கள். தூளைச் சுவாசிப்பதற்கும் நோய் தலைகாட்டுவதற்கும் இடையே சில பத்தாண்டுகள் ஓடிவிடுகின்றன. இன்று சென்னையிலோ கோவையிலோ கதவும் கட்டிலும் கோக்கும் இருபது வயதுத் தொழிலாளி, அறுபது வயதில் எந்த ஊரில், எந்த மருத்துவமனை வாசலில் நிற்பார்? அவருடைய நோயையும் அவர் நின்ற மேசையையும் இணைத்துப் பார்க்க அங்கே யார் இருப்பார்கள்? நம் மண்ணில் இந்தக் கணக்கு எளிதில் கூடி வராது. ஆகவே கணக்கு வரட்டும் என்று காத்திருக்கவும் கூடாது. வேறோர் ஊரின் தொழிலாளர்கள் உயிரைக் கொடுத்து நிரூபித்த உண்மை நம் கையில் இருக்கிறது. புதிய இயந்திரம் வாங்கும் ஒவ்வொரு பட்டறை முதலாளியும், அதன் விலையோடு உறிஞ்சு குழாயின் விலையையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.