தலைச்சுமைக்காரர்களின் தோள் வலி: கையைக் கட்டிப் போடுவது நல்லதல்ல

சென்னை தியாகராய நகர் 1920-களில் உருவான பகுதி. மாம்பலம் பக்கத்துப் பெரிய ஏரியைத் தூர்த்துத்தான் இது எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்ற தெருப் பெயரில் மட்டும் அந்த ஏரி இன்னும் இருக்கிறது. ஏரியும் வயலும் போய்விட்டாலும் விளைபொருள் வருவது நிற்கவில்லை. மின்சார ரயிலில் கீரைக் கட்டுகளும் பூக்கூடைகளும் மாம்பலம் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து தலைச்சுமையாகத் தெருக்களுக்குப் போகின்றன. கூடையை மண்ணிலிருந்து தலைக்கு ஏற்றுவதும் இறக்குவதும் ஒரே காலையில் பல தடவை நடக்கும். சில ஆண்டுகள் இப்படி உழைத்தவர்களில் பலர், கை தோளுக்கு மேல் எழவில்லை என்கிறார்கள். கை எழாவிட்டால் அன்றைய வியாபாரம் இல்லை.

இந்த வலியின் காரணம் பல நேரங்களில் மூட்டில் இல்லை. தோளின் உச்சியில் கைக்குத் தட்டுப்படும் எலும்புக்கும், கையைத் தூக்கும் தசைநாருக்கும் நடுவே மெல்லிய பை ஒன்று இருக்கிறது. அதை டாக்டர்கள் 'பர்ஸா' என்பார்கள். வண்டி அச்சுக்கு மசகு எப்படியோ, அப்படி எலும்பும் தசைநாரும் உராயாமல் காப்பது இதன் வேலை. கையைத் தோளுக்கு மேல் அடிக்கடி தூக்கினால் இந்தப் பை நசுங்கி வீங்குகிறது. இதுவே பர்சைட்டிஸ். பக்கத்துத் தசைநாரும் சேர்ந்தே பாதிக்கப்படுவதுண்டு.

தலைச்சுமைக்காரர்களுக்கு மட்டும் வருவதல்ல இது. துரட்டி கொண்டு தேங்காய் பறிப்பவர்கள், கதிரடிப்பவர்கள், முதுகில் கைத்தெளிப்பானைக் கட்டிக்கொண்டு நாள் முழுவதும் நெம்புகோலை அடிப்பவர்கள், மாடித் தோட்டத்தில் தொங்கு தொட்டிகளுக்கு அண்ணாந்து நீர் ஊற்றுபவர்கள் எல்லோரும் இதற்கு ஆளாகலாம்.

வலி பெரும்பாலும் மேற்கையின் வெளிப்புறத்தில் தெரியும். கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது பாதி உயரத்தில் சுருக்கென்று குத்தும். அதைத் தாண்டி மேலே போனால் குறையும். இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியாது. மற்றவர் பிடித்துத் தூக்கினாலும் கை எல்லாப் பக்கமும் இறுகி நின்றால், அது தோள் இறுக்கம் என்ற வேறு நோயாக இருக்கலாம். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு அது அதிகம் வரும்.

வலி தொடங்கிய முதல் சில நாட்கள், அதைக் கிளப்பும் வேலையை மட்டும் நிறுத்த வேண்டும். கையை முழுவதுமாகக் கட்டித் தொங்கவிட்டு வாரக்கணக்கில் வைப்பதே மிகப் பெரிய தவறு. பை ஆறுவதற்குள் தோள் இறுகிவிடும். பிறகு இரண்டு நோய்க்கு வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கும். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி, 15 நிமிடம், நாளைக்கு இரண்டு மூன்று முறை வைக்கலாம். வெந்நீர் ஒத்தடம் இதமாக இருந்தால் சில நாட்கள் கழித்து அதையும் கொடுக்கலாம். அழுத்தி நீவுவதும் சுளுக்கு எடுப்பதும் வேண்டாம். வீங்கிய பையை மேலும் நசுக்குவதால் என்ன பயன்? தூங்கும்போது வலியில்லாத பக்கம் படுத்து, முன்னால் ஒரு தலையணையை வைத்து அதன் மேல் கையைச் சாய்த்துக்கொள்ள வேண்டும்.

வலி மாத்திரைகளைச் சாப்பாட்டுக்குப் பின், சில நாட்களுக்கு மட்டும், டாக்டர் சொன்ன அளவில் எடுக்க வேண்டும். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் கடையில் தாமே வாங்கி விழுங்கக் கூடாது.

இந்த வலிக்கு உண்மையான மருந்து பயிற்சிதான். பாஸ்டன் நகர அறுவை மருத்துவர் காட்மன், தோளைப் பற்றி 1934-இல் தனி நூலே எழுதியவர். அவர் பெயரால் வழங்கும் ஊசல் பயிற்சிக்குக் காசு செலவில்லை. நல்ல கையை மேசையிலோ திண்ணையிலோ ஊன்றிக் குனிந்து, வலிக்கும் கையைக் கிணற்று வாளி போலத் தளரத் தொங்கவிட்டு, முன்னும் பின்னும், பிறகு சிறு வட்டமாகப் பத்துப் பத்து முறை ஆட்டினால் போதும். அடுத்து, சுவரில் விரல்களைப் பூச்சி ஏறுவது போல வலி தொடங்கும் இடம் வரை ஏற்றி இறக்க வேண்டும். முதுகுப் பலகை எலும்புகள் இரண்டையும் பின்னால் நெருக்கி ஐந்து விநாடி நிறுத்துவதும் நல்லது.

இரண்டு மூன்று வாரத்தில் வலி தணிந்த பின் தசைக்கு வலுவூட்ட வேண்டும். பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி, ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்ட வேண்டும். முழங்கையை மடித்து விலாவோடு ஒட்டி வைத்து, மறு முனையை வெளிப்பக்கம் இழுக்க வேண்டும். பயிற்சிக்குப் பின் லேசாக வலித்து மறுநாள் காலைக்குள் அடங்கினால் தொடரலாம். அடங்காவிட்டால் அடுத்த நாள் பாதியாகக் குறைக்க வேண்டும். குணமாகப் பலருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். சிலருக்கு மாதக்கணக்கிலும் இழுக்கும்.

வலி பொறுக்க முடியாதவர்களுக்குப் பைக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவதுண்டு. அது சில வாரங்களுக்கு வலியைக் குறைத்துப் பயிற்சிக்கு வழிவிடும், அவ்வளவே. சர்க்கரை உள்ளவர்களுக்குச் சில நாள் சர்க்கரை ஏறும். எலும்பைச் செதுக்கி இடம் பண்ணும் அறுவை சிகிச்சையை, பிரிட்டனிலும் பின்லாந்திலும் பெயருக்குச் செய்த அறுவையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை என்று 2018-இல் முடிவு வெளியாயிற்று. கடன் வாங்கி அறுவைக்குப் போகுமுன் இதை நினைவில் வைக்கலாம்.

வேலை செய்யும் முறையை மாற்றாவிட்டால் வலி திரும்பும். கூடையைத் தனியாகத் தூக்காமல் ஒரு கை பிடித்துவிடச் சொல்ல வேண்டும். இடுப்புயரத் திண்டிலிருந்து ஏற்றினால் பாதிப் பாரம் குறைந்தது போலிருக்கும். 16 லிட்டர் தெளிப்பானை முழுக்க நிரப்பாமல் பாதியளவோடு இருமுறை போகலாம். வாருக்கு அடியில் துணி மடித்து வைக்கலாம். தொங்கு தொட்டிகளை மார்பு உயரத்துக்கு இறக்கிவிடலாம்.

தோள் சிவந்து சுட்டுக் காய்ச்சல் வந்தாலும், விழுந்த பின் கையைத் தூக்கவே முடியாமல் போனாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். இடது தோள் வலியோடு மார்பு இறுக்கமும் வியர்வையும் இருந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே 108-ஐ அழைக்க வேண்டும். மற்றவர்கள் ஆறு வாரப் பயிற்சியில் குணம் தெரியாவிட்டால், அரசு மருத்துவமனையின் எலும்பு சிகிச்சைப் பிரிவில் காட்டி, பிசியோதெரபிக்குச் சீட்டு எழுதித் தரும்படி கேட்கலாம்.