காட்டில் ஓர் இரவு: அனுமதி தர வேண்டியவர் யார்?

நமது சிறப்பு நிருபர்

புது தில்லி: வெள்ளிக்கிழமை இரவுகளில் மும்பையிலிருந்து கசாரா செல்லும் புறநகர் ரயிலில், மற்ற நாள்களில் காண முடியாத ஒரு கூட்டத்தைக் காணலாம். முதுகில் பெரிய பை, அதன் மேல் சுருட்டிக் கட்டிய பாய், கையில் டார்ச் விளக்கு. சயான், தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளைச் சேர்ந்த தமிழ் இளைஞர்களும் இக்கூட்டத்தில் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபகுதியான சஹ்யாத்ரியில் ஏதேனும் ஒரு சிகரத்தில் இரவைக் கழித்துவிட்டு, ஞாயிறு இரவு வீடு திரும்புவதே இவர்களது திட்டம்.

இவர்களிடையே எப்போதும் எழும் கேள்வி ஒன்றுதான். விடுதிக்கோ தனியார் முகாமுக்கோ பணம் கட்டாமல், மலைக்காட்டில் சொந்தக் கூடாரம் அடித்துத் தங்க எங்கே இடம் கிடைக்கும்? கேட்பதற்கு எளிய கேள்வி. ஆனால் இதற்கான விடை வனச்சரக அலுவலகத்தில் தொடங்கி, கிராம சபை வழியாக நாடாளுமன்றம் வரை நீள்கிறது.

சயான் முதல் சஹ்யாத்ரி வரை

சயானுக்குச் சொந்தமாக ஒரு சிறு குன்று இருக்கிறது. ஆங்கிலேயர் வசமிருந்த பரேல் தீவுக்கும் போர்த்துக்கீசியர் வசமிருந்த சால்செட் தீவுக்கும் எல்லையாக விளங்கிய அக்குன்றின் மீது, 1669 முதல் 1677 வரையிலான ஆண்டுகளில் கிழக்கிந்தியக் கம்பெனி கோட்டை ஒன்றைக் கட்டியது. இன்று அது மாலை நேர நடைக்கான இடம். அதற்கு மேல் மலையையும் காட்டையும் தேடுவோர் நகரின் வட எல்லைக்குத்தான் செல்ல வேண்டும். அங்கே நூறு சதுர கிலோ மீட்டருக்கும் மேல் பரந்திருக்கும் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா, சிறுத்தைகள் வாழும் காடு. மாலையில் அதன் வாயில்கள் அடைக்கப்பட்டுவிடும்.

எனவே இளைஞர்கள் தாதரிலோ குர்லாவிலோ ரயிலேறி கசாராவில் இறங்குகிறார்கள். அங்கிருந்து சாலை வழியாக அகில்யாநகர் (முன்பு அகமதுநகர்) மாவட்டத்தின் அகோலே வட்டத்தை அடைகிறார்கள். 1,646 மீட்டர் உயரம் கொண்ட, மகாராஷ்டிரத்தின் மிக உயர்ந்த சிகரமான கல்சுபாய் இங்குதான் உள்ளது. ஹரிச்சந்திரகட் மலைக்கோட்டையும், பண்டாரதரா நீர்த்தேக்கமும், ரத்தன்கட் கோட்டையும் இதே வட்டாரத்தில் உள்ளன.

ஒற்றை அறை வீட்டில் ஐந்தாறு பேருடன் வாழும் ஓர் இளைஞனுக்கு, ஆள் நடமாட்டமற்ற மலையில் ஓர் இரவு என்பது ஆடம்பரமன்று. அவனால் எட்டக்கூடிய ஒரே விடுமுறை அது. ஏரிக்கரைகளில் தனியார் நிலங்களில் நடத்தப்படும் கூடார முகாம்களின் கட்டணம் அவனுக்கு எட்டாது. கட்டணமற்ற இடத்தைத் தேடுவதன் பின்னணி இதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

நாட்டின் காடுகளில் பெரும்பகுதி அரசுக்குச் சொந்தமானது. ஆனால் அரசுக்குச் சொந்தமானதெல்லாம் பொதுமக்களுக்குத் திறந்தது என்று பொருளல்ல. 1927-ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டத்தின் 26-ஆவது பிரிவு, காப்புக் காட்டில் அத்துமீறி நுழைவதைக் குற்றமாக்குகிறது. வன அலுவலர் அறிவிக்கும் பருவம் தவிர மற்ற காலங்களில் அங்கு தீ மூட்டுவதும், தீயை எடுத்துச் செல்வதும்கூடக் குற்றமே. சுதந்திரத்துக்கு 20 ஆண்டுகளுக்கு முன்பு, மரத்தையும் வருவாயையும் காப்பதற்காக ஆங்கிலேய அரசு இயற்றிய சட்டம் இது. மலையேறும் குடிமகன் அதன் பார்வையிலேயே இல்லை.

சரணாலயம் என்றால் கட்டுப்பாடு மேலும் கடுமையானது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-ஆவது பிரிவின்படி, பணியிலுள்ள அரசு ஊழியர், அங்கு நில உரிமை உள்ளவர், பொதுச் சாலை வழியே கடந்து செல்பவர் போன்ற சிலரைத் தவிர வேறு எவரும் அனுமதிச் சீட்டின்றிச் சரணாலயத்தில் நுழையவோ தங்கவோ கூடாது. அனுமதி தரத்தக்க காரணங்களை 28-ஆவது பிரிவு பட்டியலிடுகிறது. ஆய்வு, புகைப்படம் ஆகியவற்றுடன் சுற்றுலாவும் அப்பட்டியலில் உண்டு. கல்சுபாயையும் ஹரிச்சந்திரகட்டையும் உள்ளடக்கிய சுமார் 360 சதுர கிலோ மீட்டர் பரப்பு, 1986-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆகவே, அங்கே 'யாரும் கேட்கமாட்டார்கள்' என்ற நம்பிக்கையில் அமைக்கப்படும் கூடாரத்துக்குச் சட்டப் பாதுகாப்பு ஏதுமில்லை.

சுருங்கச் சொன்னால், இந்தியக் காட்டில் கூடாரம் அடித்துத் தங்கும் உரிமையை எந்த மத்தியச் சட்டமும் குடிமகனுக்கு வழங்கவில்லை. கிடைப்பதெல்லாம் அதிகாரியின் அனுமதி அல்லது அவரது பாராமுகம்.

பிற நாடுகளின் அனுபவம்

அமெரிக்காவின் தேசியக் காடுகளில் பெரும்பாலான இடங்களில், குடிநீர், கழிப்பறை போன்ற வசதி ஏதுமற்ற பகுதியில் கட்டணமின்றிக் கூடாரம் அமைக்கலாம். ஒரே பகுதியில் தங்குவதற்குப் பொதுவாக இரண்டு வாரங்கள் வரை என வரம்பு உண்டு. ஸ்வீடனில் இயற்கையை நாடிச் செல்லும் பொது உரிமை 1994-இல் அரசியல் சாசனத்திலேயே இடம்பெற்றது. ஸ்காட்லாந்து 2003-இல் இயற்றிய நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்புடன் நடந்துகொள்வோருக்கு இவ்வுரிமையை அளித்தது. இங்கிலாந்தில் டார்ட்மூர் பொது நிலத்தில் கூடாரம் அமைப்பது குறித்து நில உரிமையாளர் தொடுத்த வழக்கில், பொதுமக்களுக்கு அந்த உரிமை உண்டு என்று 2025 மே மாதத்தில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இவற்றை அப்படியே இங்கு பின்பற்ற இயலாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2023-ஆம் ஆண்டின் வன நிலை அறிக்கைப்படி இந்தியாவின் வனப் பரப்பு 7.15 லட்சம் சதுர கிலோ மீட்டர். அமெரிக்காவின் தேசியக் காடுகள் மட்டுமே சுமார் 7.8 லட்சம் சதுர கிலோ மீட்டர். அந்நாட்டின் மக்கள்தொகை 34 கோடி. நமது மக்கள்தொகை 140 கோடிக்கும் மேல். மேலும், நமது காடுகள் ஆளற்ற வெளிகளல்ல. அகோலே மலைகளில் மகாதேவ் கோலி, தாக்கர் பழங்குடியினர் தலைமுறைகளாக வாழ்கின்றனர்.

கட்டுப்பாடற்ற கூடாரங்கள் விளைவிக்கும் சேதமும் நாம் அறிந்ததே. உத்தரகண்டின் உயர்மலைப் புல்வெளிகள் குப்பையாலும் கூட்டத்தாலும் பாழாவதாகத் தொடரப்பட்ட வழக்கில், 2018 ஆகஸ்டில் அம்மாநில உயர் நீதிமன்றம் அங்கு இரவில் தங்குவதற்கே தடை விதித்தது.

குரங்கணி விட்டுச் சென்ற பாடம்

தமிழக வாசகர்களுக்கு இவ்விஷயத்தில் நினைவூட்டல் தேவையில்லை. 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத் தீயில் சிக்கி, மலையேற்றத்துக்குச் சென்றவர்களில் 23 பேர் உயிரிழந்தனர். அதன் பின்னர் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளைத் தமிழக அரசு வகுத்தது. 2024 அக்டோபரில், 40 மலைப் பாதைகளை இணையவழி முன்பதிவின் கீழ் கொண்டுவந்து, உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்களை வழிகாட்டிகளாக நியமித்தது. காட்டுத் தீ அபாயமுள்ள மாதங்களில் நடை நிறுத்தப்படுகிறது. பாதுகாப்பு என்ற அளவில் இது முன்னேற்றமே. எனினும் இவை கட்டணத்துக்கு உட்பட்ட பகல் நேர நடைகள். இரவுத் தங்கல் என்ற கேள்விக்கு இதில் விடையில்லை.

மகாராஷ்டிர அரசும் 2021-இல் சாகசச் சுற்றுலாக் கொள்கையை வெளியிட்டது. அது முதன்மையாக மலையேற்றத்தைத் தொழிலாக நடத்துவோரைப் பதிவு செய்வதற்கும் பாதுகாப்பு நெறிகளுக்கும் உரியது. நான்கு நண்பர்கள் தாங்களாகவே ஒரு கூடாரத்துடன் கிளம்பினால் எங்கே தங்கலாம் என்பதற்கு இரு மாநிலங்களிலும் தெளிவான விடை இல்லை.

பக்தருக்கு உண்டு, பயணிக்கு இல்லை

இந்தியக் காடுகளில் கட்டணமின்றித் திறந்த வெளியில் தங்குவது முற்றிலும் புதிய வழக்கமன்று. எருமேலியிலிருந்து அழுதை, கரிமலை வழியாகப் பம்பைக்குச் செல்லும் ஐயப்ப பக்தர்களின் பெருவழி, பெரியார் புலிகள் காப்பகத்தின் ஊடே செல்கிறது. இடையிலுள்ள தாவளங்களில் பக்தர்கள் இரவைக் கழிப்பது காலங்காலமான வழக்கம். மும்பைத் தமிழர்களில் பலரும் அவ்வழியே சென்று வந்தவர்களே. கோவையின் வெள்ளியங்கிரி மலை, ஆண்டின் சில மாதங்களில் பக்தர்களுக்குத் திறக்கப்படுகிறது. ஹரிச்சந்திரகட்டிலும் கோயிலையொட்டிய குகைகளே நெடுங்காலமாக வழிப்போக்கர்களுக்குத் தங்குமிடமாக இருந்தன.

இதில் கவனிக்க வேண்டியது, இந்த ஏற்பாடுகள் ஒழுங்கற்றவை அல்ல என்பதே. பெருவழியில் நடப்பதற்கு நேர வரம்பு உண்டு; தங்குவதற்குக் குறித்த இடம் உண்டு; கடை நடத்துவது உள்ளூர் மக்களின் குழுக்கள். குறித்த இடம், குறித்த காலம், உள்ளூர் மக்களின் பொறுப்பு என்ற மூன்றும் இருந்தால், புலிகள் காப்பகத்திலும் சாமானியர் ஓர் இரவு தங்க முடியும் என்பதற்கு இதுவே சான்று.

நாடாளுமன்றம் திறந்த கதவு

காடு, 1976-இல் 42-ஆவது அரசியல் சாசனத் திருத்தத்தின் மூலம் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. ஆகவே நாடாளுமன்றத்துக்கு இதில் பொறுப்பு உண்டு.

2023-இல் வனப் பாதுகாப்புச் சட்டத் திருத்த மசோதா கொண்டுவரப்பட்டது. கூட்டுக் குழுவுக்கு அனுப்பப்பட்ட அம்மசோதா, மாற்றம் ஏதுமின்றித் திரும்பியது. மணிப்பூர் பிரச்னையால் அவை அமளியில் மூழ்கியிருந்த நிலையில், ஜூலை 26-ஆம் தேதி சுருக்கமான விவாதத்துடன் மக்களவையிலும், ஆகஸ்ட் 2-ஆம் தேதி மாநிலங்களவையிலும் நிறைவேறியது. அதே ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது. எந்தக் காடு சட்டத்தின் வரம்புக்குள் வரும், எது வெளியேறும் என்பதே அப்போது எழுந்த முக்கிய சர்ச்சை. அதனடியில் கவனம் பெறாமல் போன மற்றொரு அம்சம், வனத் திட்டத்தில் சேர்க்கப்பட்ட சூழல் சுற்றுலா வசதிகள் இனி 'வனம் சாராத பயன்பாடு' ஆகா என்ற பிரிவு. உயிரியல் பூங்காக்களுக்கும் சஃபாரிகளுக்கும் இதுபோன்ற விலக்கு அளிக்கப்பட்டது. பின்னர் 2024 பிப்ரவரியில், உயிரியல் பூங்கா, சஃபாரி ஆகியவற்றைத் தனது ஒப்புதலின்றி அமைக்கக்கூடாது என உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது.

கட்டுமானத்துடன் வரும் சுற்றுலாவுக்குச் சட்டத்தில் கதவு திறக்கப்பட்டது. ஒரு துணிக் கூடாரத்துடன் வந்து, மறுநாள் காலை சுவடின்றிச் செல்பவனுக்காக ஒரு வரிகூட எழுதப்படவில்லை. காட்டுக்கு எது அதிகத் தீங்கு என்று கேட்டால், விடை சொல்ல நிபுணர் தேவையில்லை.

இப்போது செய்யக்கூடியது

சட்டம் மாறும் வரை மலையேறுவோர் செய்யக்கூடியது என்ன? முதலில், தங்க நினைக்கும் இடம் சரணாலயமா, காப்புக் காடா, வருவாய்த் துறை நிலமா, தனியார் நிலமா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். இந்திய நில அளவைத் துறையின் வரைபடங்களை 2017 முதல் குடிமக்கள் இணையத்தில் கட்டணமின்றிப் பெறலாம். காப்புக் காட்டின் எல்லைகளை அறிய இவை உதவும். ஐயம் இருப்பின் வனச்சரகரிடம் கேட்பதே முறை.

இரண்டாவது, மலை உச்சிக்குப் பதிலாக அடிவார கிராமத்தை நாடுவது. கல்சுபாய்க்கு பாரி, ஹரிச்சந்திரகட்டுக்குப் பாச்னை போன்ற கிராமங்களில், வீட்டு முற்றத்திலோ அறுவடை முடிந்த வயலிலோ கூடாரம் அமைக்க உரிமையாளர் இசைந்தால் சட்டச் சிக்கல் இல்லை. இடத்துக்கு அவர் பணம் வாங்காவிட்டாலும், அவ்வீட்டில் பாக்ரியும் பருப்பும் உண்டு அதற்கு விலை கொடுப்பது நியாயம். அதிகாலையில் மலையேறி மாலைக்குள் இறங்கிவிடலாம்.

மூன்றாவது, காலம். பிப்ரவரி நடுப்பகுதி முதல் ஜூன் நடுப்பகுதி வரை காட்டுத் தீக்காலம். இக்காலத்தில் அடுப்பும் சிகரெட்டும் கூடவே கூடாது. மழைக்காலத்தில் அருவிகளுக்கும் கோட்டைகளுக்கும் செல்ல மாவட்ட ஆட்சியர்கள் அவ்வப்போது தடை விதிப்பதுண்டு. 2024 ஜூன் 30-இல் லோனாவாலா பூஷி அணை அருகே ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐவர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டதை மறந்துவிடலாகாது.

நிரந்தரத் தீர்வுக்கான வழியும் ஏற்கெனவே சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், சமூக வன வளத்தைப் பாதுகாக்கவும் நிர்வகிக்கவும் கிராம மக்களுக்கு உரிமை தருகிறது. அவ்வுரிமையை நாட்டிலேயே முதன்முதலில் பெற்ற கிராமங்களுள் ஒன்று, மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்திலுள்ள மேந்தா-லேகா, ஆண்டு 2009. சரணாலயத்துக்கு வெளியே, கிராம சபையின் ஒப்புதலுடன் மலைதோறும் ஓரிரு தங்குமிடங்களைக் குறித்து, ஒரு நாளைக்கு இத்தனை பேர் என வரம்பிட்டு, கட்டணமின்றியோ பெயரளவுக் கட்டணத்துக்கோ திறந்துவிடுவதற்குப் பெரும் செலவு பிடிக்காது. குப்பையைக் கண்காணிக்கவும் வழிகாட்டவும் கிராம இளைஞர்களுக்கு வேலையும் கிடைக்கும்.

சயான்-கோலிவாடா சட்டப்பேரவைத் தொகுதி 2014 முதல் தொடர்ந்து மூன்று முறை ஒரு தமிழரைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. மும்பையிலும் தில்லியிலும் குரல் எழுப்பக்கூடிய உறுப்பினர்கள் அப்பகுதிக்கு உண்டு. குடிநீர், குடியிருப்பு, ரயில் போன்ற பிரச்னைகளுக்கு நடுவே காட்டில் ஓர் இரவு என்பது சிறிய கோரிக்கையாகத் தோன்றலாம். ஆனால் நாட்டின் காடு நாட்டு மக்களில் யாருக்கெல்லாம் திறந்திருக்கிறது என்பது சிறிய கேள்வியல்ல. நாடாளுமன்றத்தில் உறுப்பினர் ஒருவர் இதை நட்சத்திரக் குறியிட்ட வினாவாக எழுப்பினால், அமைச்சர் அவையில் விடையளித்தாக வேண்டும். இவ்விவாதம் அங்கிருந்தாவது தொடங்கட்டும்.