ஒரே வரியை இரு முறை கட்டுவதா?

நாகர்கோவில் வட்டாரத்து ரப்பர் வியாபாரிகள் சிலர் தொடுத்த வழக்கில், சென்னை ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை 2021-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் அளித்த தீர்ப்பு, கடை வைத்துப் பிழைக்கும் ஒவ்வொருவரும் அறிய வேண்டியதாகும். அவர்கள் ரப்பர் ஷீட் வாங்கினார்கள். விலையோடு வரியையும் சேர்த்து, பெரும்பகுதியைப் பாங்கி மூலமாகவே, விற்றவரிடம் செலுத்திவிட்டதாகக் கூறினார்கள். விற்றவரோ அவ்வரியைச் சர்க்காருக்குக் கட்டவில்லை. வரி இலாகா யாரைப் பிடித்தது? வாங்கினவர்களை! விற்றவரை ஏன் விசாரிக்கவில்லை, அவர்மீது வசூல் நடவடிக்கை ஏன் எடுக்கவில்லை என்று நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன் கேட்டு, இலாகாவின் உத்தரவுகளை ரத்துச் செய்து, புது விசாரணைக்கு அனுப்பினார்.

கேள்வி நியாயமானதே. ஆயினும், இந்தத் தொல்லைக்கு மூலமான சட்டப் பிரிவு அப்படியே இருக்கிறது. 2017 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த சரக்கு சேவை வரிச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, கொள்முதலில் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளும் உரிமையை வியாபாரிக்கு அளிக்கிறது. ஆனால் விற்றவர் அவ்வரியைச் சர்க்காருக்குச் செலுத்தியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

இதன் விளைவு யாதெனக் கணக்கிட்டுப் பார்ப்போம். இரும்புச் சாமான் கடைக்காரர் ஒருவர் 1,00,000 ரூபாய்க்குச் சரக்கெடுத்து, 100-க்கு 18 வீதம் 18,000 ரூபாய் வரியும் கொடுக்கிறார். அதை 1,05,000 ரூபாய்க்கு விற்று, 18,900 ரூபாய் வரி வசூலித்து, முன்கொடுத்தது போக 900 ரூபாயைக் கட்டுகிறார். கழிவு மறுக்கப்பட்டால், அந்த 18,000-த்தையும் கையிலிருந்து மறுபடி கட்ட வேண்டும். வருஷத்துக்கு 100-க்கு 18 வீதம் வட்டி வேறு. அவருக்குக் கிடைத்த மொத்த லாபமே 5,000 ரூபாய். கடை வாடகையும் கூலியும் அதற்குள்ளேதான்.

விற்றவர் பில்லைக் கணக்கில் காட்டினாரா, மாதக் கணக்கை ஒப்புவித்தாரா என்பதை இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்பர் அதிகாரிகள். மெய்தான். ஆனால் அந்தக் கணக்கிலே குறிப்பிட்ட இந்தப் பில்லுக்குரிய வரி அடங்கியிருக்கிறதா என்பதை வாங்கினவர் எவ்வாறு அறிவார்? பிறர் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கும் அதிகாரம் இலாகாவுக்கு உண்டு, கடைக்காரருக்கு இல்லை.

விற்பனை வரி நமக்குப் புதிதன்று. ராஜாஜி மந்திரிசபை 1939-லேயே அதைச் சென்னை மாகாணத்தில் கொண்டுவந்தது. இன்றோ நோட்டீஸும் இணையதளத்திலேயே ஏற்றப்படுகிறது. அதைக் காணாமலே உத்தரவு பிறந்துவிட்டதென்று ஹைகோர்ட்டை அணுகிய வியாபாரிகள் பலர். தர்க்கத்திலுள்ள வரியில் ஒரு பகுதியைக் கட்டும்படி விதித்து, மறு விசாரணைக்கு அனுப்பிய உத்தரவுகளும் பல. அப்பீலுக்குத் தவணை மூன்று மாதம். தக்க காரணம் காட்டினால் மேலும் ஒரு மாதம். அதற்கும் தர்க்கத்திலுள்ள வரியில் 100-க்கு 10 முன்கட்ட வேண்டும். அடுத்த படியான அப்பீல் தீர்ப்பாயமோ, சட்டம் வந்து எட்டு வருஷங்கள் கழிந்தபின், 2025 செப்டம்பரில்தான் தொடங்கி வைக்கப்பட்டது.

சரக்கே இல்லாமல் பில் மட்டும் எழுதிச் சர்க்காரை ஏமாற்றும் கூட்டத்தார் உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. அவர்களிடம் தயவு காட்டும்படி நாம் கேட்கவுமில்லை. சரக்கு வந்து இறங்கியதற்கு லாரி ரசீதும், பணம் போனதற்குப் பாங்கிக் கணக்கும் வைத்திருப்பவரை அக்கூட்டத்தில் சேர்ப்பதையே ஆட்சேபிக்கிறோம். இவ்விரண்டையும் காட்டுபவரிடம் கைவைக்கும் முன், விற்றவரிடம் வசூல் நடவடிக்கையை முடித்தாக வேண்டுமென்று சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். அதற்குச் சிபாரிசு செய்ய வேண்டியது ஜி.எஸ்.டி. கவுன்ஸில். மாகாணங்களின் மந்திரிகளுக்கும் அதில் இடமுண்டு. நமது ராஜ்யத்தின் பிரதிநிதி அடுத்த கூட்டத்தில் இதைக் கிளப்புவாரென எதிர்பார்க்கிறோம்.